பள்ளிக்கு நன்றாக உடுத்திச் செல்வது எப்படி? வளரும் பையன்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்குப் பளிச்சென்று உடுத்திப் போக வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலான பையன்கள் கடைக்குப் போகத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன், இப்போது இருக்கும் சட்டை, பேன்ட், ஷூ மூன்றையும் அணிந்துகொண்டு ஆளுயரக் கண்ணாடியின் முன் ஐந்து நிமிடம் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவனின் உடை சரியில்லாமல் தெரிவதற்குத் துணியின் விலையோ நிறமோ காரணமாக இருப்பது அபூர்வம். ஆறு மாதங்களுக்கு முன்பு இருந்த உடம்புக்கு எடுத்த உடையை இன்றைய உடம்பின் மேல் போட்டிருப்பதே பல நேரங்களில் காரணம். வளர்ந்து முடித்தவருக்கு ஒரு சட்டை கிழியும் வரை பொருந்தும். உங்களுக்கு அது கிழிவதற்கு வெகுகாலம் முன்பே சிறியதாகிவிடும். ஆகவே உங்கள் வயதில் நன்றாக உடுத்துவது என்பது முதலாவதாக அளவைக் கவனித்துக்கொண்டே இருப்பது, இரண்டாவதாக இருக்கும் உடையைப் பராமரிப்பது. புதிதாக வாங்குவது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆண்பிள்ளைகளின் உயரம் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் வேகமாகக் கூடுகிறது. வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஓராண்டில் 9 செ.மீ. அளவுக்குக்கூட வளரக்கூடும். சிலருக்கு இது முன்னதாகவும் சிலருக்குத் தாமதமாகவும் வரும். பக்கத்து பெஞ்சு நண்பனோடு ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை. ஆனால் உடம்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நீள்வதில்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் பாதம் வளர்கிறது, அதன் பின் காலும் கையும் நீள்கின்றன, மார்பும் தோளும் விரிவது கடைசியில்தான். எனவே நேற்றுவரை நன்றாக இருந்த ஷூ கடிக்கத் தொடங்கினால், அடுத்த சில மாதங்களில் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஆறு செட் உடை எடுத்து அடுக்குவது வீண்செலவு. இரண்டு பேன்ட்டும் மூன்று சட்டையும் சரியான அளவில் இருந்தால் பள்ளி வாரம் முழுவதையும் ஓட்டிவிடலாம்.

அளவு பார்ப்பது

சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். கையும் உடலும் சேரும் அந்தத் தையல், தோளின் ஓரத்தில் விரலால் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பின் மேல் உட்கார வேண்டும். தையல் அதைத் தாண்டிப் புஜத்தில் இறங்கியிருந்தால் சட்டை பெரியது. கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் சிறியது. இந்த ஓரிடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சட்டையின் மற்ற எல்லா இடத்தையும் தையல்காரரால் ஓரளவு சரிசெய்துவிட முடியும், பக்கத்தைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை மடிக்கலாம். ஆனால் தோளைத் திருத்த வேண்டுமென்றால் கையைப் பிரித்துக் காலர் வரை கை வைக்க வேண்டியிருக்கும், அப்படிச் செய்தாலும் அது முதலில் இருந்ததைப்போல் அமைவது கடினம். எனவே கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது தோள் சரியாக இருந்தால் மற்றதை யோசியுங்கள்; தோள் சரியில்லையென்றால் அந்தச் சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலர். மேல் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் இடையில் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். ஒன்றுகூட நுழையாவிட்டால் மதியத்துக்குள் தலை கனக்கும்; மூன்று நான்கு நுழைந்தால், டை கட்டும்போது காலர் சுருங்கி மடங்கும். முழுக்கைச் சட்டையென்றால் கைப்பட்டை மணிக்கட்டு எலும்பை மூடியபடி நிற்க வேண்டும். அரைக்கைச் சட்டையென்றால் முழங்கைக்குச் சற்று மேலே முடிய வேண்டும். இப்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். வகுப்பில் ஒரு நாளைக்குப் பலமுறை செய்யும் காரியம் அது. அப்போது சட்டை மொத்தமாக பேன்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தால், நீளம் உங்களுக்குப் போதவில்லை. கையைக் கீழே இறக்கி, இரு கைகளையும் முன்னால் நீட்டிச் சேர்த்துப் பிடியுங்கள். முதுகு இழுத்துப் பிடித்தாலோ நெஞ்சுப் பகுதிப் பட்டன்களுக்கு நடுவே துணி வாயைத் திறந்தாலோ மார்பு விரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பேன்ட்டைப் பார்க்கும்போது நின்றால் மட்டும் போதாது, உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். பள்ளி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள். பெல்ட் இல்லாமலே இடுப்பில் நிற்கும், ஆனால் உட்காரும்போது வயிற்றை அழுத்தாத அளவே சரியானது. பெல்ட்டை இறுக்கித்தான் பேன்ட்டை நிறுத்த முடிகிறதென்றால் இடுப்புத் துணி பை போலச் சுருங்கும். சட்டையை எவ்வளவு அழகாக உள்ளே விட்டாலும் அந்தச் சுருக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டுப் பைகள் காது போல விரிந்து நின்றால் இடுப்பு அல்லது பின்பக்கம் இறுக்கம். கீழ் விளிம்பு ஷூவின் மேல் லேசாகத் தொட்டு, முன்பக்கம் ஒரே ஒரு சிறு மடிப்பு விழும்படி இருக்க வேண்டும். இரண்டு மூன்று மடிப்புகளாகக் குவிந்து குதிகாலுக்கு அடியில் மிதிபடும் பேன்ட், ஒரே பருவத்தில் விளிம்பு நைந்துபோகும்.

"வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்று பெற்றோர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் அவர்களுடையது, வளர்வது நீங்கள். ஆனால் "கொஞ்சம் பெரிசு" என்பதைத் தோளிலும் இடுப்பிலும் வைக்காமல், துணியின் உள்மடிப்பில் வைக்கச் சொல்லுங்கள். தைக்கக் கொடுக்கும்போதே பேன்ட்டின் கீழ்மடிப்பில் 6 முதல் 8 செ.மீ. துணியும், இடுப்பின் பின்தையலில் 3 செ.மீ. அளவுக்குத் துணியும் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால், இன்றைக்கும் பொருந்தும், அடுத்த ஆண்டும் பிரித்துவிட இடமிருக்கும். ஆயத்த உடையாக இருந்தால் வாங்கும் முன் பேன்ட்டின் கீழ்ப்பகுதியைத் திருப்பி, உள்ளே எவ்வளவு துணி மடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே விலையில் உள்ள இரண்டு பேன்ட்டுகளில் மடிப்பு அதிகம் உள்ளதையே எடுங்கள்.

மடிப்பைப் பிரித்து நீளமாக்கும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். என் மகனுக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை செய்திருக்கிறேன். பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, தையலில் நான்கைந்து கண்ணிகளுக்கு ஒன்றாகச் சிறு கத்தரியின் நுனியால் வெட்டிக்கொண்டே போனால் நூல் தானாகக் கையோடு வரும். இழுத்துப் பிய்த்தால் துணியில் ஓட்டை விழும். பிரித்த பிறகு பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அதுதான் எல்லோரையும் சங்கடப்படுத்துவது. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைக் கோட்டின் மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்தால் மடிப்பின் தடம் பெரும்பாலும் மறையும். சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். மடிப்பு விளிம்பில் நிறமே வெளுத்துப்போயிருந்தால் வினிகரால் ஒன்றும் ஆகாது. அந்தக் கோட்டின் மேலேயே நிறத்துக்கு ஏற்ற நூலில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் அது வேண்டுமென்றே போட்ட தையல் போலத் தோன்றும்.

துணி

பள்ளிச் சட்டைகள் பெரும்பாலும் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் வருகின்றன. 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்பது பரவலாகக் காணப்படும் கலவை. இது சீக்கிரம் காயும், அதிகம் கசங்காது, நிறம் நிற்கும். ஆனால் வியர்வையை அதிகம் உறிஞ்சாது. உடம்பின் எண்ணெய்ப் பசையையும் அதனால் வரும் நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் கசங்கும், முதல் துவையலில் சற்றுச் சுருங்கும். நிறைய வியர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை பருத்தி அதிகம் உள்ள கலவை. இஸ்திரி போட நேரமில்லாதவர்கள் பாலியஸ்டர் அதிகம் உள்ளதை எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் துவைத்தே ஆக வேண்டும். பருத்தித் துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால், வெட்டும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்திக் கொடுங்கள். சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடும்.

வெள்ளைச் சட்டை வாங்கும்போது துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைவிரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால், பனியனும் அப்படியே தெரியும். இதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பனியன்தான் பொருந்தும் என்று நினைப்பது. தோலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டால் வெள்ளைப் பனியனின் விளிம்பு பளிச்சென்று வெளியே தெரியும். உங்கள் தோலின் நிறத்துக்கு நெருக்கமான பனியனோ, சாம்பல் நிறப் பனியனோ அந்த அளவுக்குத் தெரியாது.

வியர்வையும் நாற்றமும்

இதைப் பற்றிப் பேசப் பையன்கள் கூச்சப்படுகிறார்கள். நண்பனிடம் சொல்லவும் தயங்குகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் இரண்டு வகை. ஒன்று உடம்பெங்கும் பரவி, வெப்பத்தைத் தணிக்க நீர் போன்ற வியர்வையைச் சுரப்பது. அது சிறுவயதிலிருந்தே இயங்குகிறது. மற்றொன்று அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் இருப்பது. அது பருவமடையும் வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதில் வரும் வியர்வைக்கும் தனியாகப் பெரிய வாடை கிடையாது. தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பத்து வயதில் இரண்டு நாள் போட்டாலும் வாடை வராத சட்டை, பதினான்கு வயதில் ஒரே மாலைக்குள் நாறுவதற்குக் காரணம் இதுதான்.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. தினமும் குளித்து, அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே பனியனையும் சட்டையையும் அணியுங்கள். சட்டை, பனியன், உள்ளாடை, சாக்ஸ் நான்கையும் ஒரு நாளுக்கு மேல் அணியக் கூடாது. பேன்ட்டை, கறை இல்லையென்றால், காற்றாடத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் அணியலாம். கடையில் விற்கும் டியோடரன்ட் நாற்றத்தைக் குறைத்து மறைக்கும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்பது அலுமினிய உப்புகளைக் கொண்டு வியர்வை வெளிவருவதையே குறைக்கும். பின்னதை இரவில் உலர்ந்த தோலில் தடவிப் படுப்பதே அதிகப் பலன் தரும். குளிக்காமல் வாசனை ஸ்ப்ரேயை மேலே அடித்துக்கொண்டு வருவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வியர்வையும் வாசனையும் கலந்தால் வருவது மூன்றாவது வாடை. அதைவிட முக்கியம், மூடிய வகுப்பறையில் ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு அந்த ஸ்ப்ரே மூச்சுத் திணறலையே வரவழைத்துவிடக்கூடும்.

துவைப்பதும் கறை எடுப்பதும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நாம் கேட்டு வளர்ந்த சொல். கசக்க வேண்டிய இடங்கள் எவை என்பதைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகும். பள்ளிச் சட்டையில் அழுக்கு சேர்வது காலரின் உள்மடிப்பு, கைப்பட்டை, அக்குள் ஆகிய மூன்று இடங்களில். இந்த மூன்றிலும் சோப்பை நேரடியாகத் தேய்த்துப் பதினைந்து நிமிடம் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்த பிறகு மற்றதோடு சேர்த்துத் துவைத்தால் போதும். கம்பி போன்ற முரட்டுப் பிரஷ் காலரின் விளிம்பை நைத்துவிடும்.

அக்குளில் விழும் மஞ்சள் கறைக்கு வியர்வை மட்டுமே காரணமல்ல. வியர்வையோடு ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்தே அது உண்டாகிறது. அதற்குக் குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும். பாலியஸ்டரையும் அது மஞ்சளாக்கிவிடும். ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைப்பதே சரியான வழி. பிளீச்சையும் வினிகரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

பால்பாயின்ட் பேனாவின் மை சட்டைப் பையில் கசிந்துவிட்டால் தண்ணீரை ஊற்றித் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அரை செ.மீ. அகலக் கறை ஐந்து செ.மீ. மேகமாகப் பரவும். கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை வைத்து, மேலிருந்து சானிடைசரையோ ஆல்கஹாலையோ பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். மை கரைந்து கீழ்த்துணியில் இறங்கும். கீழ்த்துணியின் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கறை முழுதாகப் போகும் முன் எந்தத் துணியையும் இஸ்திரி போட வேண்டாம்.

இஸ்திரி

ஒரு சட்டைக்கு ஐந்து நிமிடம். இந்த வேலையை அம்மாவிடமோ அக்காவிடமோ தள்ளிவிடாதீர்கள். பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்டால் பிறகு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உடையின் உள்ளே தைத்திருக்கும் சிறு பட்டையில் இஸ்திரிப் பெட்டியின் படம் இருக்கும். அதில் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு புள்ளி என்றால் 150 வரை, மூன்று புள்ளி என்றால் 200 வரை சூடு தாங்கும். கலவைத் துணிக்கு இரண்டு புள்ளி, முழுப் பருத்திக்கு மூன்று. பருத்தியை முற்றிலும் காய்ந்த பிறகு தேய்ப்பதைவிட லேசான ஈரத்தோடு தேய்த்தால் சுருக்கம் பாதி முயற்சியில் போகும்.

முதலில் காலர். அதன் அடிப்பக்கத்தை மேலே திருப்பி விரித்து, ஒரு முனையிலிருந்து நடுப்பகுதிக்குத் தேயுங்கள். பிறகு மறு முனையிலிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்தால் உபரித் துணி முனையில் போய்ச் சேர்ந்து ஒரு சிறு மடிப்பாக நிற்கும், முகத்துக்கு மிக அருகில் எல்லோர் கண்ணிலும் படும் இடம் அது. காலர் முடிந்ததும் தோள், பின் கைப்பட்டை, கை, கடைசியில் உடல்பகுதி. பட்டன் உள்ள பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பித் தேய்த்தால் பட்டன்களுக்கு இடையில் நெளிந்து போக வேண்டியதில்லை. முடிந்ததும் உடனே போட்டுக்கொள்ளாதீர்கள். சூடான துணி வளையும் வடிவத்திலேயே நின்றுவிடும். ஹேங்கரில் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

பேன்ட்டுக்கு நடுக்கோடு போடும்போது ஒவ்வொரு காலின் உள்தையலும் வெளித்தையலும் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வைத்தால் கோடு தானாக நேராக விழும். கருநிற பேன்ட்டை நேரடியாகச் சூட்டில் தேய்த்தால் துணி பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பு பிறகு எளிதில் போகாது. உள்பக்கம் திருப்பியோ, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்தோ தேயுங்கள்.

ஷூ

சட்டை பேன்ட்டில் காட்டிய அக்கறை முழுவதையும் அழுக்கு ஷூ ஒரே பார்வையில் வீணாக்கிவிடும். ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும், காலையில் சரியாக இருந்தது மாலையில் கடிக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸையே அணிந்துகொண்டு இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். எழுந்து நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அந்த நீளமான விரல் காலின் கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு இரண்டாவது விரலே நீளமானது. வளரும் கால் என்பதற்காக இரண்டு அளவு பெரிதாக வாங்கி முன்னால் பஞ்சு அடைத்துக்கொள்ளாதீர்கள். குதிகால் உருவிக்கொண்டே இருந்தால் கொப்புளம் வரும், நடையும் கெடும். வளரும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதில் அவசரம் கூடாது. லேஸைக் கழற்றி, மண்ணையும் தூசியையும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, பாலிஷை நுனியில் மட்டும் தொட்டு, சிறு சிறு வட்டங்களாகத் தடவுங்கள். அப்பி வைத்தால் பளபளப்பு வராது, மெழுகு காய்ந்து விரிசல் விடும். பத்து நிமிடம் கழித்துப் பிரஷ்ஷால் இருபுறமும் வேகமாகத் தேய்த்தால், மங்கலாக இருந்த மேற்பரப்பில் முதலில் மூக்கின் மேலும் பிறகு பக்கங்களிலும் ஒளி ஏறுவதைப் பார்க்கலாம். கடைசியில் சுத்தமான துணியால் ஒரு முறை. தையல் ஓரங்களையும் அடித்தட்டின் பக்கவாட்டையும் விட்டுவிடாதீர்கள்; பாலிஷ் போட்ட ஷூவில் மண் ஒட்டிய விளிம்பு தனியாகத் தெரியும்.

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்புக்கு அருகிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைத் துவைத்தால் சோப்பு துளியும் மிச்சமில்லாமல் அலசுங்கள். உலரும்போது அதன் மேல் மஞ்சள் திட்டு விழுவதற்கு எஞ்சிய சோப்பே பெரும்பாலும் காரணம். மேலே வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்தால் அந்த மஞ்சள் தாளில் ஏறிக்கொள்ளும். சாக்ஸ் உட்காரும்போது கணுக்கால் தோல் தெரியாத உயரத்துக்கு இருக்கட்டும். எலாஸ்டிக் தளர்ந்து இறங்கும் சாக்ஸைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பதைவிட மாற்றிவிடுவது மேல்.

இன் செய்வது, பெல்ட், டை

சட்டையை உள்ளே விட்டு அணியும்போது பேன்ட்டை இடுப்பிலிருந்து சற்று இறக்கி, சட்டையின் பின்பகுதியை முதலில் இழுத்துவிடுங்கள். பிறகு இரு பக்கமும் மிஞ்சி நிற்கும் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பின்பக்கமாக ஒரு மடிப்பாக மடித்து, அந்த மடிப்பு கலையாமல் பேன்ட்டை ஏற்றிப் பெல்ட்டைப் போடுங்கள். இடுப்பில் சட்டை பலூன் போல ஊதி நிற்காது. சட்டையின் பட்டன் பட்டை, பெல்ட்டின் கொக்கி, ஜிப்பின் ஓரம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். இது ஒரு விநாடி வேலை. ஆனால் கோடு தவறினால் ஏனென்று தெரியாமலே பார்ப்பவருக்கு உடை கோணலாகத் தோன்றும். பெல்ட்டில் ஐந்து துளைகள் இருந்தால் நடுத்துளையில் பொருந்துவதை வாங்குங்கள். இருபுறமும் வளரவும் மெலியவும் இடமிருக்கும். ஷூ கறுப்பென்றால் பெல்ட்டும் கறுப்பு.

டையைப் பொறுத்தவரை, எலாஸ்டிக் வைத்த ஆயத்த முடிச்சைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எளிய முடிச்சு ஒன்று போதும். அகலமான முனை வலப்பக்கமும், குறுகிய முனை இடப்பக்கமும் இருக்கட்டும். அகல முனை 30 செ.மீ. அளவுக்குக் கீழே தொங்கட்டும். அகல முனையைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், அதன் அடியில் வலப்பக்கம் கொண்டுவந்து, மறுபடியும் மேலாக இடப்பக்கம் சுற்றுங்கள். பிறகு கழுத்து வளையத்தின் அடியிலிருந்து மேலே இழுத்து, முன்னால் இப்போது உண்டான வளையத்துக்குள் கீழ்நோக்கி நுழைத்து இறுக்குங்கள். டையின் நுனி பெல்ட் கொக்கியைத் தொட வேண்டும். அதற்கு மேலே நின்றால் அடுத்த முறை அகல முனையை இன்னும் கீழே தொங்கவிட்டுத் தொடங்குங்கள். இரவில் முடிச்சை முழுதாக அவிழ்த்து வையுங்கள். அவிழ்க்காமலே கழற்றி மாட்டினால் துணி முறுக்கிக்கொண்டு நாளடைவில் பழைய கயிறு போலாகிவிடும்.

சீருடை இல்லாத நாளில்

சீருடையே இல்லாத பள்ளியிலும், சீருடைக்கு விலக்கு அளித்த நாளிலும் குழப்பம் நிறத்தில்தான் தொடங்குகிறது. கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம் என்று வைத்துக்கொண்டால் தவறு நேர்வது அரிது. கருநீலம், சாம்பல், காக்கி ஆகிய மூன்று நிற பேன்ட்டுகளும் வெள்ளை, வெளிர்நீலச் சட்டைகளோடு எப்படிச் சேர்த்தாலும் ஒத்துப்போகும். கண்ணைப் பறிக்கும் ஒன்றை அணிய ஆசையாக இருந்தால், அந்த ஒன்று மட்டும் அப்படி இருக்கட்டும். மற்றவை அடங்கி இருக்கட்டும். கட்டமும் கோடும் பூவும் ஒரே ஆளின் மேல் சேர வேண்டாம். எழுத்து அச்சிட்ட டி-ஷர்ட் என்றால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, பொருள் தெரிந்துகொண்டு அணியுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்தால் சாயம் நெடுநாள் நிற்கும். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டினால் தோளில் முட்டு விழும், மடித்தே வையுங்கள்.

நகம் வெட்டி, தலை வாரி, காதின் பின்புறம் கழுவி வருவதைப் பற்றி நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் காலை நேரத்தை நம்பாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். மறுநாள் சட்டை, பேன்ட், பனியன், சாக்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் இரவே ஒரே இடத்தில் எடுத்து வைத்தால், பட்டன் அறுந்திருப்பது பேருந்து வரும் நேரத்தில் தெரியவராது. புத்தகப் பையின் ஒரு மூலையில் ஊசி, வெள்ளை நூல், இரண்டு பட்டன், ஒரு சேஃப்டி பின் போட்டு வையுங்கள். பட்டன் தைக்கும்போது துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவி, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். பட்டனுக்குக் கீழே சற்று இடம் இருந்தால்தான் காஜாவில் எளிதாக நுழையும், நூலும் சீக்கிரம் அறாது.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கண்ணாடி முன் அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். பிரித்துவிட இனித் துணி இல்லை என்ற நிலைக்கு வந்த பேன்ட்டையும், தோள் ஏறிவிட்ட சட்டையையும் அலமாரியில் அடைத்து வைக்க வேண்டாம். துவைத்து, விட்டுப்போன பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டு, உங்களைவிட இரண்டு வகுப்பு கீழே படிக்கும் தம்பி ஒருவனுக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் பைகளுக்குள் கைவிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.